நான்காவது வரி

டுலூத் நகரம். ஏரியைப் பார்த்த பதினோராம் அறை.
நேற்று அவர் ஆஸ்பத்திரி அங்கியில்
ஒரு சின்னக் கொடியைக் குத்திவிட்டுப் போனார்கள்.
சல்யூட் அடித்தார்கள், கேக் வெட்டினார்கள்.
ஆர்விட் கோஸ்கி கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"கதை கேட்க வந்தவள் நீதானா?
ரிக்கார்டரைத் தலையணை மேல் வை.
குரல் இவ்வளவுதான் மிச்சம்."

துப்பாக்கியைத் துடைத்ததுண்டாம், சுட்டதில்லையாம்.
வியட்நாமில், தகரக் கூரைக்குக் கீழே
பதினான்கு மாதம் தட்டச்சு.
செத்த பையன்களின் வீடுகளுக்குக் கடிதம்.
கையெழுத்து கேப்டனுடையது, விரல் இவருடையது.
முதல் வரியில் வருத்தம்,
இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் தேதி.
நான்காவது மட்டும் மாறவே மாறாது:
வலி ஏதும் அறியாமல் உயிர் பிரிந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?
மழைக்காலத்தில் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும்.
நகத்தால் கிளப்பிவிட்டு
அந்த வரியையே மறுபடி அடிப்பேன்.
ஒமாஹாக்காரன் ஒருவன்
மூன்று நாள் கத்தினான் என்றார்கள்.
அவன் அம்மாவுக்கும் அதே வரிதான்.
அவள் பதில் போட்டாள்:
நன்றி ஐயா, அதை வைத்துத்தான் தூங்குகிறேன்.

அதற்கு நான் ஒன்றும் அடிக்கவில்லை."

வெளியே இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று ஊதியது.
ஒரு நீளம், இரண்டு குட்டை.
விரலால் போர்வையில் எண்ணினார்.

நாக்கடியில் மார்ஃபின் விட வந்த கீயா வாங்
பழக்கத்தில் சொன்னாள், "வலிக்காது கோஸ்கி."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
அடங்க நேரமாயிற்று.
"பார், இவளுக்கும் அது மனப்பாடம்."
பிறகு என்னிடம்,
"என் மகள் கேட்பாள். நடந்ததைச் சொல்."

வியாழன் விடியற்காலை
டூசான் விமான நிலையத்திலிருந்து அழைத்தாள்.
எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டாள்.
என் வாயில் நான்காவது வரி
அடித்து முடித்துத் தயாராக இருந்தது.

மூன்று மணிக்கு வலித்தது, என்றேன்.
இருபது நிமிடம்.
கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.
கீயாவின் பெயரை முதல்முறை சரியாகச் சொன்னார்.
மருந்து கேட்டது.
அப்புறம் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.
வெளியே மைனஸ் பன்னிரண்டு. திறந்தோம்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
ஒலிபெருக்கி ஏதோ ஒரு விமானத்தின்
வாயில் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டாள்:
"கம்பியை எந்தக் கையால் பிடித்திருந்தார்?"

இடது, என்றேன்.