இரண்டு விரற்கடை

தாம்வே முனை வங்கியில் டோக்கன் தீர்ந்திருந்தது.
நகைக்கடை ஷட்டர் முட்டளவு. உள்ளிருந்து கோ சான்:
"வாங்கிக்கிறேன், நோட்டுதான் இல்லை."

ஆபத்துக்கென்று அரிசிப் பானையில் கிடந்த
முறுக்குச் சங்கிலி.
குறடால் இரண்டு விரற்கடை வெட்டினேன்.
ஆக்சிஜன்காரன் கல்லில் உரசினான்,
இன்னும் இரண்டு கேட்டான்.
மீதி கேட்டால் சிரித்தான்:
தங்கத்துக்கு ஏது சில்லறை?

வீட்டில் அருணகிரி
கூரையிலிருந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.
சிலிண்டர் வால்வு இறுகியிருந்தது.
ஸ்பேனர் இல்லை.

ரங்கூன் மழையில் கதவு கதவாகத் தட்டினேன்,
மிச்சச் சங்கிலி கைக்குள்.
கடைசி வீட்டு மா கின் எடுத்துத் தந்தாள்.
நீட்டிய சங்கிலியைப் பார்க்கவில்லை.
"திருப்பித் தரவேண்டாம்" என்றாள்.
அவள் வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

பானையில் இப்போது இரண்டும் இருக்கின்றன.
சங்கிலி கழுத்துக்குப் போதாது.