முகவரிச் சரிபார்ப்பு

படிவத்தில் ஏழாவது கேள்வி:
வீடு சொந்தமா, வாடகையா.
பேனா இரண்டு முறை ஓடியிருந்தது சொந்தத்தின் மேல்.
தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டியது.

உமையாள், நாற்பத்திரண்டு வயது.
பள்ளத்தூரில் அதற்கே ஆச்சி.

வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில்.
'வீட்டின் முழுப் படம்' என்றது செயலி.
பின்னால் போனேன், இன்னும் போனேன்,
எதிர்வீட்டுச் சுவர் முதுகில் இடித்தது.
அப்போதும் பாதி வீடுதான் விழுந்தது படத்தில்.

"சொந்த வீடுன்னா கார்டு கெடச்சுரும்ல தம்பி?"

வீட்டு வரி ரசீது காலமானவர் பெயரில்.
கரண்ட் பில், இபோவில் இருப்பவர் பெயரில்.
இவருடைய பங்கு பதினொன்றில் ஒன்று,
அந்த ஒன்றில் மூன்றில் ஒன்று.
ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை,
மற்ற கதவுகளில் யார் யாருடைய பூட்டோ.
ஒரு சாவி பெங்களூரில். ஒன்று எங்கே என்று
யாருக்கும் தெரியாது.

காரைக்குடியில் கேட்டரிங் நடத்தியிருக்கிறார்.
கல்யாணங்கள் நின்றுபோன அந்த வருடம்
முதலில் ஒரு தவணை தவறியது,
பிறகு தவறாத தவணை என்று ஒன்று இல்லை.
வங்கி பேசிப் பாதிக்கு முடித்தது.
சிபில் அறிக்கையில் அந்தக் கடனுக்கு நேரே ஒரு சொல்:
செட்டில்டு.

"பையன் செட்டில் ஆயிட்டான்னா எல்லாரும் சந்தோசப்படுறோம்.
இதுல மட்டும் அது எப்படித் தம்பி கறையாப் போச்சு?"

அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு.
நான் பார்க்கும்போதே எனக்குத் தெரியும், வராது.
சொல்லக்கூடாது; என் வேலை
ஆள் இருக்கிறாரா, கதவு இருக்கிறதா என்று பார்ப்பது.
ஆனால் மோர் கொடுத்தார். சொன்னேன்.

ஆச்சி, அது வீட்டைக் கேட்கும்,
வீட்டுக்கு மார்க் போடாது.
எந்தத் தேதியில் கட்டினீர்கள்,
கொடுத்ததில் எவ்வளவு செலவழித்தீர்கள்,
எத்தனை வங்கிக் கதவைத் தட்டினீர்கள்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
வீட்டை வைத்துக் கடன் என்றால் அது வேறு கதை,
அதற்கு இன்னும் முப்பத்திரண்டு கையெழுத்து வேண்டும்.

இருபதாயிரம் டெபாசிட் போடுங்கள்,
அதன் மேல் ஒரு கார்டு தருவார்கள்.
கொஞ்சமாகத் தேயுங்கள், நாள் தவறாமல் கட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.
"எங் காசை நானே கடன் வாங்கி
நானே கட்டி
நான் ஒழுங்குன்னு நானே காட்டணும்."

ஆமாம் ஆச்சி.

"ரங்கூன்ல எங்காளுக
ஆள் மொகத்தப் பாத்துக் குடுத்தாக."
கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்:
"அதுலயும் வராம போனது நெறய."

நான் இருப்பது செக்காலையில், மாடியில் ஒற்றை அறை.
பதினோரு வருடமாக வாடகைக்கு நேரே டிக்.
என் மார்க் எழுநூற்று எண்பத்தொன்று.
கடன் வேண்டுமா சார் என்று வாரம் ஒரு குரல் கெஞ்சுகிறது.
வீட்டுக்காரர் மட்டும்
ஆடி கழிந்ததும் காலி பண்ணச் சொல்கிறார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முகவரி சரி என்று
எழுதியது நான்தான்.

ஐப்பசி மழையில் கோட்டையூர் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்றபோது
வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
கீழே குரல் பதிவு, பின்னால் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம்:

"பதினெட்டு ஏறியிருக்கு தம்பி.
இந்த மாசம் கேஸ் டியூப் வாங்குனேன், நானூத்தி நாப்பது,
மறுநாளே கட்டிட்டேன்.
இங்க ரெண்டாங்கட்டுல ஓடு எறங்கிருச்சு.
அதத் தொடணும்னா எல்லாரையும் கேக்கணும்,
ஒருத்தர் போனே எடுக்க மாட்டேங்குறாரு.

இந்த நம்பர் எனக்கு மட்டுந்தான்.
இதுல பங்காளி கெடையாது."