ஆணி சாட்சியமாகாது

சுவடிக்கூடத்துக்குள் பேனா கொண்டுபோக விடமாட்டார்கள்.
பென்சில்தான். இன்றைக்கு அதுவும் மொட்டை.
பையை வாசலில் பூட்டி, இலக்கத் தகட்டை வாங்கிக்கொண்டு
மின்விசிறி சுழலாத மேசையில் உட்கார்ந்தேன்
தேசவழமையோடு.

ஒல்லாந்தன் கேட்டான், யாரோ சொன்னார்கள், அவன் எழுதினான்.
எழுதியதைத் தமிழாக்கிப்
பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்தபோது
வாசித்துப் பார்த்துச் சரியென்றார்கள்.
பன்னிரண்டிலும் ஒரு பெண் இல்லை.
அடிமைகளைப் பற்றிய பகுதிக்கும்
அதே சரிதான்.
அதையும் படியெடுக்கிறேன்.
என் பென்சிலும் அந்த இடத்தில் தயங்கவில்லை.

மிதாட்சரத்தின் கிளையா, மலையாளக் கரையின் மிச்சமா
என்று அறிஞர்கள் இன்னும் அடிபடுகிறார்கள்.
என் மேற்பார்வையாளர் ஒரு கட்சி.
நான் எதிலும் சேரவில்லை.
முதுசம், சீதனம், தேடியதேட்டம் -
மூன்று பெட்டிக்குள் ஒரு சனத்தின் காணியெல்லாம்.

இன்று அவிழ்த்த கட்டில்
ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்று, புதுக்கடை நீதிமன்றம்.
வழக்காளி அன்னமுத்து, கைம்பெண்.
புருஷன் கதிர்காமத்தம்பி, றெயில்வேயில் கிளாக்கர்,
வெள்ளவத்தையில் இருபத்தாறு வருஷம்.
அவன் யாழ்ப்பாணக் குடியென்றால்
தேடிய வீட்டில் பாதி அவளுடையது.
கொழும்பான் ஆகிவிட்டானென்றால்
மரணசாதனத்தின்படி முழுவதும் தமையன் மகனுக்கு.
ஆகவே கோடு விசாரித்தது:
திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா?
செத்தவனின் எண்ணம்.

"போறதெண்டு சொன்னவரோ?" - எதிராளியின் பிரக்கிராசியார்.
"சொல்லேல்லை."
"அப்ப எப்பிடித் தெரியும்?"
"சுவரிலை ஆணி அடிக்க விடேல்லை ஐயா.
மணிக்கூடு இருபத்தாறு வருஷமும் கதிரையிலைதான்.
போகேக்கை தூக்கச் சுகமெண்டார்."

பதிவு ஆங்கிலத்தில் இருக்கிறது.
இந்தத் தமிழ் நான் போட்டது.
ஒல்லாந்தன் செய்ததைத்தான் செய்கிறேன்,
என்ன, எனக்குச் சம்பளம் குறைவு.

நீதவான் எழுதினார்: சுவாரசியமான கூற்று;
ஆயினும் ஆணி இல்லாமை சாட்சியமாகாது.
வழக்குச் செலவும் அவள் தலையில்.
மேன்முறையீடு பற்றி ஒன்றும் காணோம்.

நாலரைக்கு பம்பலப்பிட்டி, நொத்தாரிசு விஜேதுங்க.
எனக்குச் சீதனமாய் வந்த மூன்று பரப்பை விற்கவேண்டும்.
"மிஸிஸ், நீங்கள் தேசவழமையா?"
இரத்தம் எந்த வகை என்று கேட்கும் அதே குரல்.
ஆறு வருஷமாக அதைத்தான் படிக்கிறேன் என்றேன்.
"அப்ப மிஸ்டரும் ஒப்பம் வைக்கவேணும்."

தவச்செல்வன் காலி வீதி நெரிசலில் பிந்தி வந்தான்.
ஒரு காதில் போன்,
"எங்கை வைக்கிறது?" என்று கேட்டு
சம்மதம் வைத்தான், வாசிக்காமல்.
நல்ல மனிதன். அதைச் சொல்லியாகவேண்டும்.
நல்ல மனிதனாய் இல்லாதிருந்தால்
மாவட்ட நீதிமன்றத்தில் நான் மனுப்போடவேண்டும்,
என் மண்ணுக்கு,
அன்னமுத்து ஏறிய படிகளில்.

இரவு, மாடிவீட்டுக்குள் கடல் இரைச்சல்,
அதைக் கிழித்துக்கொண்டு கடைசி றெயில்.
அடிக்குறிப்பு நூற்றுப் பன்னிரண்டைத் தட்டச்சு செய்கிறேன்.
கதிரை என்றுதான் சொன்னாளா?
வாங்கு? பெட்டகம்?
ஆங்கிலத்தில் இருப்பது இருக்கை என்ற ஒரு சொல்.
கதிரையென்றே விடுகிறேன்.
வாசித்துப் பார்த்துச் சரியென்று சொல்ல
எனக்கு முதலியார்கள் இல்லை.