நாற்பதாம் வரி

மெஸ்தியாவில் அதிகாலை நாலேகால்.
மூன்று நாளாக விடாத பனி
ஜன்னலின் கீழ்ப்பாதியை விழுங்கிவிட்டது.
லமாராவின் திரையில் சிவப்பாக ஒரு வாக்கியம்:
நாற்பத்தொன்றாம் வரியில் தொடரியல் பிழை.

நாற்பத்தொன்றில் ஒன்றுமில்லை.
பனியின் ஆழம், ஒரு சமக்குறி, ஓர் எண்.
ஏழு தடவை படித்தாள்.
எண்ணை அழித்து அதே எண்ணை மறுபடி அடித்தாள்
(யாரும் வெளியே ஒப்புக்கொள்ளாத வைத்தியம்).

பிறகுதான் மேலே பார்த்தாள்.
நாற்பதில் திறந்த அடைப்புக்குறி
மூடாமலே கிடக்கிறது.
கதவைச் சாத்தாமல் போனவன் ஒருவன்,
நடுங்கியது அடுத்த அறையில் இருந்தவன்.

மூடினாள். அடுத்த சிவப்பு.

நோட்டில் எழுதும் பழக்கத்தில்
ரோவையும் ஜீயையும் சும்மா அருகருகே நிறுத்தியிருக்கிறாள்.
நம் இலக்கணத்தில் இதற்குப் பெயருண்டு, தொகை என்று.
இராப்பகல் என்றால் இடையில் ஓர் 'உம்'
ஒளிந்திருப்பது நமக்குத் தெரியும்.
தாளில் பக்கத்தில் நின்றாலே பெருக்கல்.
இயந்திரத்துக்குத் தொகை ஆகாது,
விரித்தே சொல்ல வேண்டும்:
ரோ நட்சத்திரம் ஜீ நட்சத்திரம்
ஆழம் நட்சத்திரம் சரிவின் சைன்.
வெளியே வானத்தில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் அந்தக் கழித்தல் குறி.
பழைய அறிக்கையிலிருந்து நகலெடுத்தது.
கண்ணுக்குக் கழித்தல்,
உள்ளே வெறும் கோடு.
ஒரு மயிரிழை நீளம் கூடுதல், அவ்வளவுதான்.

தொலைபேசியில் முர்சகான், பனி வாரும் வண்டிக்காரன்.
'உஷ்குலியில் மாவு தீர்ந்துவிட்டது. கிளம்பவா?'
'பொறு. பிழை இருக்கிறது.'
'மலையிலா?'
'அடைப்புக்குறியில்.'
எஞ்சின் உறுமல் மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.

ஐந்து பத்துக்குச் சிவப்பு ஒழிந்தது.
பிழை ஏதுமில்லை என்றது திரை.
இழுக்கும் எடையைப்போல் இருபத்தொரு மடங்கு
பனியின் பிடிப்பு என்றது.
ஒன்றுக்கு மேல் என்றால் நிற்கும், கீழ் என்றால் சரியும்.

இருபத்தொன்றா?
அந்தச் சரிவின் அடியில் வளர்ந்தவள் அவள்.
அங்கே எதுவும் எதையும்
அத்தனை இறுக்கமாகப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

இம்முறை கைகாட்டச் சிவப்பு இல்லை.
தானே விரல் வைத்துப் போனாள், எழுத்தெழுத்தாக.
வகுத்தல் கோட்டுக்கு அடியில்
சேர்ந்து இருக்க வேண்டிய நால்வரில்
ரோ மட்டும் கீழே மாட்டிக்கொள்ள
மூவரும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.
இலக்கணம் சுத்தம்.
சொன்னது அத்தனையும் பொய்.

இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒன்று.
பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று.

'முர்சகான், சாவியை எடு.'
'வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.'
'அணைத்துவிட்டு எடு.'

சுவானிய மொழியில் ஏதோ திட்டினான்,
மலையையோ அவளையோ.
எஞ்சின் நின்றது.

பன்னிரண்டு மூட்டை மாவு வண்டியிலேயே இருக்கிறது.
உஷ்குலி இன்று உருளைக்கிழங்கு தின்னும்.