கூடம் கோணலில்லை

மேலூர் தாண்டி, கல்லெடுத்துக் கைவிட்ட குவாரி.
மூன்று பக்கமும் அறுத்த பாறை, அடியில் பச்சைத் தண்ணீர்.
கிளப் என்று பெயர்;
ஒரு தகரக் கொட்டகை, ஒரு பூட்டு, ஒரு பதிவேடு.
ஞாயிறு ஏழு மணிக்குள் வந்துவிட்டால்
கிழக்குச் சுவரை வெயில் ஏறிக் கடப்பதற்குள்
ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்துவிடலாம்.

திருச்சியிலிருந்து இரவல் வந்தது குரோனோகிராஃப்.
டிபன் டப்பா அளவுதான்.
முன்னே ஒரு கண், ஓரடி தள்ளி இன்னொரு கண்.
முதல் கண்ணில் நிழல் பட்டதும் எண்ணத் தொடங்கி
மறு கண்ணில் பட்டதும் நிறுத்திவிடும்.
இடையில் போவது
ஆயிரத்தில் ஒரு நொடிகூட இல்லை.
ஈயத்துக்கு அவ்வளவுதான் விசாரணை.

முதல் மூன்று ரவுண்டுக்கும் பிழை, பிழை, பிழை.
"பாறை நம்ம கண்ணையே கூசுதுண்ணே,
மிசினுக்கு மட்டும் கூசாதா?"
மின்வாரியத்தில் கணக்கு பார்க்கும் ஒச்சம்மாள்
நாலு குச்சியில் வெள்ளைக் காடாத்துணியைக் கட்டி
அதற்கென்று தனியாக ஒரு வானம் போட்டுக் கொடுத்தாள்.
மேகமே இல்லாத எங்கள் வானத்தை
அது நம்பவில்லை போலிருக்கிறது.

முக்காலியின் ஒரு கால் ஆடியது.
சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த கடிதத்தை
இன்னும் இரண்டு மடிப்பு மடித்து அடியில் செருகினேன்.

ஆகஸ்டில் எழுதியது, தோட்டா விற்ற கடைக்காரருக்கு.
கோவைப் போட்டியில் ஐம்பது மீட்டர், படுத்துச் சுடும் பிரிவு,
கடைசி வரிசையில் ஒரு ஏழு.
நேர் கீழே, ஆறு மணித் திசையில்.
ஒரு புள்ளியில் தேர்வு போயிற்று.
'இந்த பேட்ச் சரியில்லை, வேகம் குறைந்து இறங்குகிறது' என்று
மைத்துனரிடம் சொன்னேன், மேனேஜரிடம் சொன்னேன்,
யானைக்கல் டீக்கடையில் துப்பாக்கியைத் தொட்டிராதவர்களிடமும் சொன்னேன்.
ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது என்று முடியும் கடிதம்.
ஆதாரத்துக்குத்தான் நாலு மாதம் காத்திருந்தேன்.

327. 329. 326.
நான் சுடச் சுட ஒச்சம்மாள் எழுதினாள்.
324. 328.
பிறகு, நான் விசையைத் தொடவே இல்லை,
திரையில் ஒன்பது.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.
தண்ணீர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது ஒரு தட்டான்.
"எழுதவா?"
"விட்டுரும்மா."
எழுதினாள். பக்கத்தில் 'தட்டான்' என்றும் போட்டாள்.

ஐம்பது முடிந்ததும் கால்குலேட்டரை எடுத்தாள்.
தட்டானைக் கழித்தாள்.
கூடினது 333, குறைஞ்சது 321.
சராசரியை விட்டு மூணுக்கு மேல விலகலண்ணே,
நல்ல சரக்கு, என்றாள்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள்.
அதே மூணு.

மனக்கணக்கு எனக்கும் தெரியும்.
இருப்பதிலேயே சோம்பலான தோட்டாகூட
ஐம்பது மீட்டர் போவதற்குள் கூடுதலாக இறங்குவது
அரைச் சென்டிமீட்டர்.
என் ஏழு இரண்டரை இறங்கியிருந்தது.

ஆடமாட்டாதவளுக்குக் கூடம் கோணல்.
சரி, கூடத்தை அளந்தாயிற்று.

அன்றைக்கு நடந்தது இதுதான்.
பக்கத்துத் தடத்துப் பையன் முடித்துவிட்டுப் பெட்டியைச் சாத்தினான்.
யாருக்கு முதலில் போன் போடலாம் என்று
நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.
இன்னும் ஒரு தோட்டா இருந்தது.
உடம்பு பாயில்தான் கிடந்தது.
நான் எழுந்து போய்விட்டிருந்தேன்.

இதை அளக்க எந்த இடத்தில் வைப்பார்கள் இரண்டு கண்ணை?

"கடுதாசிய எடுத்துக்கிறீங்களா, மறந்துரப் போறீங்க."
"இருக்கட்டும். எடுத்தா மிசின் சாயும்."

இரண்டாவது பெட்டியை உடைத்தாள்.
சுவரைத் தாண்டி வந்துவிட்டது வெயில்.
பாயை விரிக்காமல் படுத்தேன்.
பாறை சுடத் தொடங்கியிருந்தது.