பசை

கிழங்கு மாவு அரைக்கிண்ணம், வெந்நீர்,
ஒரு சிட்டிகை படிகாரம்.
கிண்டினால் பசை.
படிகாரம் போடாவிட்டால் கஞ்சி.
அந்தச் சிட்டிகையில்தான்
ஆல்வின் பெட்ஸோல்டுக்கும் எனக்கும் தகராறு.

டிரெஸ்டன். பத்தொன்பதாம் வருடத்து மார்ச்.
போர் முடிந்ததென்று செய்தித்தாள் சொல்லியாயிற்று,
ரொட்டிக்கடை வரிசை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.
மூன்றாம் மாடிக்கு நான்கு மாத வாடகை பாக்கி.
பசையுள்ள ஆள் என்று நம்பித்தான் குடிவைத்தேன்.
பொய்யில்லை,
பத்து விரலிலும் பசை.

தரையெங்கும் தாள்.
டிராம் சீட்டு, தொப்பிக்கடை விலைப்பட்டியல்,
சுருட்டுப் பெட்டியின் பொன் விளிம்பு,
வால் அறுந்து வெற்றாய்க் கிடக்கும் ‘வெற்றி’,
யாரோ ஒரு ஜெனரலின் மீசை
(முகத்தை எங்கே வைத்தானோ).
இதுவா படம் என்றேன்.
“முழுத்தாளெல்லாம் பொய் சொல்லிவிட்டது, ஃப்ராவ் சைட்லர்.
துண்டுகளைக் கேட்டுப் பார்க்கிறேன்.”

முழுத்தாள் என்னிடமும் ஒன்று உண்டு.
துணி அலமாரியில், நான்காய் மடித்து.
கழுகு முத்திரை, ஒரு கேப்டனின் கையெழுத்து,
தங்கள் கணவர் வலியின்றி இறந்தார் என்று ஒரு வரி.
அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவன் இல்லாதபோது கூட்டப் போனேன்.
படத்தின் நடுவில், மீசைக்குக் கீழே,
மார்கரின் சீட்டு.
கிழிபடாதது. சனிக்கிழமை வரை செல்லும்.
வயிறு முதுகோடு ஒட்டிய ஊரில்
இவன் மார்கரினைக் கொண்டுபோய் அட்டையில் ஒட்டியிருக்கிறான்!

அவன் கலைக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன்.
ஆவி பட்டதும் சீட்டு
வெந்த கிழங்கின் தோல்போல உரிந்து வந்தது.

கால் கிலோ.
பாதியை அவன் கதவடியில் வைத்தேன்,
திருட்டில் அவனுக்கும் பங்கிருக்கட்டும்.
மீதியை ரொட்டியில் தடவி, நின்றபடியே,
உப்புக்கூடப் போடாமல் தின்றேன்.

பிறகு அந்த ஓட்டை.
படம் முழுக்க எனக்குப் புரியவில்லை,
ஓட்டை மட்டும் புரிந்தது.
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
அலமாரியைத் திறந்தேன்.
தையல் கத்தரி. ஒரே ஒரு சொல்.
கடிதத்தை மறுபடி மடித்து வைக்குமுன்
வாசித்துப் பார்த்தேன்:
தங்கள் கணவர்             இறந்தார்.
அந்த இடைவெளி வழியே
அலமாரியின் மரம் தெரிந்தது.

இரவு பெட்ஸோல்ட் கீழே இறங்கி வந்தான்.
உதட்டோரம் மார்கரின் மினுக்கம்.
யார் ஒட்டியது, யாருடைய சொல் அது,
எதுவும் கேட்கவில்லை.
“எதை வைத்து ஒட்டினீர்கள்?”
காலைக் கஞ்சி மிச்சம், என்றேன்.
“படிகாரம்?”
போடவில்லை.
“எலி தின்றுவிடுமே.”

தின்னட்டும், என்றேன்.
அந்தச் சொல்லை முதலில்.