சான்றாவணம் எண் ஏழு

"உனக்குத்தான் எழுத வரும்" என்றார் தலைமையாசிரியர் நாயக்கர்.
அப்படித்தான் என் மேசைக்கு வந்தது
சாலாட்சி கோவெண்டரின் தேசிய நல்லாசிரியர் விண்ணப்பம்.
பதினெட்டுப் பக்கம். நாளை நள்ளிரவோடு கெடு.

டோங்காட்டில் மின்வெட்டு, எட்டிலிருந்து பத்தரை.
மடிக்கணினியில் இருபத்தொரு சதவீதம் உயிர்.
கரும்புக்காடு எரித்த கரி
ஜன்னல் வழியே வந்து எழுத்துப்பலகையில் இறங்குகிறது.
ஊதிவிட்டு எழுதுகிறேன்.

முதல் கேள்வி: ஆசிரியரின் தனித்தன்மை, முந்நூறு சொற்களுக்குள்.
அவளுக்கு வருகைப் பதிவு எடுக்கவே முந்நூறு சொல் ஆகும்.
"நொம்வுலா, தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா?
லுங்கேலோ, அந்த ஷூவைக் கழற்றி வெயிலில் வை."

இரண்டாவது: பயனடைந்த மாணவர் எண்ணிக்கை.
போன வருஷ வகுப்பில் நாற்பத்தாறு. போட்டேன், அழித்தேன்.
ஆகஸ்டில் பாதியில் போன சிஃபெசிஷ்லே கணக்கில் உண்டா?
தாய் ஜொஹானஸ்பர்க்குக்கு வேலை தேடிப் போனாள், அவனும் போனான்.
அவன் விட்டுப்போன நோட்டைத் திருத்தி
இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாள் சாலாட்சி.
கடைசி ஐந்து கணக்கும் சரி.
நாற்பத்தாறரை என்று எழுத
இந்தக் கட்டம் விடாது.

நான்காவது: புதுமை.
இங்கேதான் விரல் நின்றது.

வெள்ளத்துக்குப் பிறகு
குழாய்கள் மாதக்கணக்கில் வெறுங்காற்றை இருமியபோது,
தண்ணீர் லாரி வரிசையில் நின்ற பிள்ளைகளிடம்
வாளிக்கு எத்தனை குவளை, லாரிக்கு எத்தனை வாளி என்று
கொள்ளளவு நடத்திய அந்தப் பாடம்.
படம் இருக்கிறது: சான்றாவணம் எண் ஏழு.
நடுவில் சாலாட்சி, மஞ்சள் மழைக்கோட்டில்.
வலது ஓரத்தில் குவளை பிடித்த ஒரு கை,
மணிக்கட்டில் கருப்புக் கயிறு.
என் கை.

யோசனையும் என்னுடையது.
ஒரு செவ்வாய்க்கிழமை இடைவேளையில்
பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னேன்:
"வரிசையில் நிற்கிற நேரம் வீணாகத்தானே போகிறது?"
நான் சொன்னேன், அவள் செய்தாள்.
நான் குவளை பிடித்தது ஒரு நாள்,
அவள் பதினோரு வாரம்.
நானும் கணக்குதான் எடுக்கிறேன்,
இந்த வகுத்தல் தெரியாதா எனக்கு?
தெரிந்தும் மீதி வருகிறது.

முன்பு ஒருமுறை என் விண்ணப்பமும் போனது.
மாவட்டத்தோடு நின்றது.
எனக்கு நானே எழுதியது அது:
'நான்' என்று தொடங்கும் முப்பத்திரண்டு வாக்கியம்.
வாசித்துவிட்டு என் வீட்டுக்காரர்
"யார் இந்தப் பொம்பளை?" என்றார்.
சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

பத்து முப்பத்தைந்துக்கு விளக்கு வந்தது.
படம் ஏறவில்லை. அளவு அதிகமாம்,
இரண்டு மெகாபைட்டுக்கு மேல் அரசாங்கம் பார்க்காதாம்.
ஓரத்தை வெட்டு என்றது திரை.
எந்த ஓரம் என்று சொல்லவில்லை.

இடப்பக்கம் லாரிச் சக்கரம், வரிசையின் வால்,
வாலின் நுனியில்
தன் இடுப்புயர வாளியோடு சிஃபெசிஷ்லே.
வலப்பக்கம் நான், மணிக்கட்டு வரை.

வலப்பக்கம் வெட்டினேன்.
பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம்:
வெட்டுமுன் ஒரு பிரதி எடுத்து
என் கோப்பில் போட்டுக்கொண்டேன்.

கடைசிப் பக்கம்.
சாட்சியின் பெயர்: தனசேகரி பிள்ளை.
விண்ணப்பதாரரோடு உறவு:
துடிக்கிறது கோடு, இருபது எழுத்துக்குத்தான் இடம்.
சக ஆசிரியை என்று அடித்தேன். அடங்கியது.

அடங்காதது:
ஒன்பது வருஷமாக எங்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய சுவர்.
அந்தப் பக்கம் அவள்
"ஏழெட்டு?" என்று கேட்டு முடிப்பதற்குள்
இந்தப் பக்கம் என் பிள்ளைகள்
ஐம்பத்தாறு என்கிறார்கள்.